ஃபேண்டஸி பேஸ்பால் லீக்: சீசன், பிளேஆஃப் விதிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேண்டஸி பேஸ்பால் என்பது நிஜ பேஸ்பால் வீரர்களைத் தேர்ந்து, அவர்கள் ஆட்டங்களில் எடுக்கும் எண்களை வைத்து மோதும் விளையாட்டு. முதல் முறையாக லீக் நடத்த முன்வரும் கமிஷனர்களுக்கும், நடக்கும் லீக்கில் சந்தேகம் வந்து தேடுபவர்களுக்கும் இந்தப் பக்கம் உதவும். எடுத்துக்காட்டுகள் எல்லாம் 12 அணிகள் கொண்ட, வாராவாரம் இரண்டிரண்டு அணிகள் மோதும் லீக்கை வைத்துத் தரப்பட்டுள்ளன. தேதிகள் 2025ஆம் ஆண்டின் எம்எல்பி (அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால்) அட்டவணைப்படி. வேறு ஆண்டுக்குத் தேதிகளை நகர்த்திக்கொண்டால் போதும், கணக்கு பெரும்பாலும் மாறாது. லீக்குகளில் வெடிக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல், ஒரு விதியால் யாருக்கு லாபம் என்று தெரிந்த பிறகு அந்த விதியைப் பேச உட்காருவதால் வருபவை. எதைத் தேர்ந்தாலும் டிராஃப்டுக்கு (வீரர்களைப் பங்கிட்டு எடுக்கும் நாளுக்கு) முன்பே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கிரிக்கெட் ஃபேண்டஸி ஆடியிருக்கிறேன். இதுவும் அதேதானா?

ஒரு ஆட்டத்துக்கு 11 பேரைத் தேர்ந்து அன்றிரவே முடிவு பார்க்கும் வகை இல்லை இது. மார்ச் இறுதியில் டிராஃப்ட் நடத்தி வீரர்களை எடுத்தால் செப்டம்பர் வரை அதே அணியை நடத்த வேண்டும். ஒரு வீரர் லீக்கில் ஒரே ஒரு அணிக்குத்தான் சொந்தம். ஆரன் ஜட்ஜை நீங்கள் எடுத்துவிட்டால் மற்ற 11 பேருக்கும் அவர் இல்லை. எம்எல்பியில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும் ஆட்டம். அதனால் காயம், வீரர் மாற்றம், மழை, சோம்பல் எல்லாவற்றுக்கும் விதி தேவைப்படுகிறது.

இன்றைய வடிவத்தை 1980இல் டேனியல் ஓக்ரெண்டும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கினார்கள். அவர்கள் கூடிய லா ரோட்டிஸ்ரீ ஃபிரான்சேஸ் என்ற உணவகத்தின் பெயரால்தான் ‘ரோட்டோ’ என்ற பெயர் நிலைத்தது.

ரோட்டோ, ஹெட்-டு-ஹெட், பாயிண்ட்ஸ்: எதைத் தேர்ந்தெடுப்பது?

ரோட்டோவில் வாராந்திர மோதல் கிடையாது. சீசன் முழுவதும் சேர்ந்த எண்களை வைத்து ஹோம் ரன், ஸ்ட்ரைக்அவுட் போன்ற ஒவ்வொரு பிரிவிலும் 12 அணிகளை வரிசைப்படுத்தி, முதலிடத்துக்கு 12, கடைசிக்கு 1 எனப் புள்ளி தருவார்கள். 10 பிரிவு என்றால் உச்சம் 120. சமமானால் பங்கு: ஹோம் ரன்னில் மூன்றாம், நான்காம் இடத்தில் இரண்டு அணிகள் ஒரே எண்ணில் நின்றால் 10, 9 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ஆளுக்கு 9.5. இதில் பிளேஆஃப் (தோற்றவர் வெளியேறும் கடைசிச் சுற்றுகள்) இல்லை. யார் சிறந்த அணி என்பதை நியாயமாகச் சொல்லும் முறை இதுதான். ஆனால் ஜூலையில் 11ஆம் இடத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்க மாட்டார்.

வாராவாரம் இரண்டிரண்டு அணிகள் மோதும் ஹெட்-டு-ஹெட்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுதல், ஆர்வமும் கூடுதல். ஆறாம் இடத்தைப் பிடித்தால் பிளேஆஃப் உண்டு என்பதால் ஆகஸ்ட் வரை ஆள் ஓடாது. புதிய லீக்குக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.

பாயிண்ட்ஸ் முறையில் ஒவ்வொரு செயலுக்கும் மதிப்பெண்: சிங்கிள் 1, டபுள் 2, ஹோம் ரன் 4, ரன் 1, ஆர்பிஐ (தன் அடியால் வந்த ரன்) 1 என்று வைத்தால், பேஸில் யாரும் இல்லாதபோது அடிக்கும் ஹோம் ரன் ஒன்றுக்கு 6 கிடைக்கும். புரிந்துகொள்ள எளிது. ஆனால் பந்து வீசும் பிட்சருக்கான மதிப்பெண்ணைக் கொஞ்சம் கூட்டிவிட்டாலே மொத்த லீக்கும் பிட்சர் வேட்டையாகிவிடும். சென்ற ஆண்டின் எண்களைப் போட்டு, முதல் 50 பேரில் எத்தனை பிட்சர்கள் வருகிறார்கள் என்று பார்த்த பிறகே அட்டவணையை உறுதி செய்யுங்கள்.

எந்தப் பிரிவுகளை வைப்பது?

வழக்கமான ஐந்துக்கு ஐந்து: பேட்டிங்கில் சராசரி, ரன், ஹோம் ரன், ஆர்பிஐ, ஸ்டீல் (பேஸ் திருட்டு), பிட்ச்சிங்கில் வெற்றி, சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது), ஸ்ட்ரைக்அவுட், இஆர்ஏ (9 இன்னிங்ஸுக்கு எத்தனை எர்ன்டு ரன், அதாவது ஃபீல்டிங் பிழையால் வராத ரன்), விப் (இன்னிங்ஸுக்கு எத்தனை ஹிட்டும் வாக்கும்). 1980இல் இருந்தது நான்குக்கு நான்கு. ரன்னும் ஸ்ட்ரைக்அவுட்டும் பிறகு சேர்ந்தவை.

மாற்ற விரும்பினால் மூன்று மாற்றங்கள் அனுபவத்தில் நன்றாக நிற்கின்றன. சராசரிக்குப் பதில் ஆன்-பேஸ் விகிதம் (பேஸை எட்டும் விகிதம்). வெற்றிக்குப் பதில் குவாலிட்டி ஸ்டார்ட், அதாவது குறைந்தது 6 இன்னிங்ஸ் வீசி 3 எர்ன்டு ரன்னுக்கு மேல் கொடுக்காத தொடக்கம். சேவுக்குப் பதில் சேவும் ஹோல்டும் (நடுவில் வந்து முன்னிலையைக் காத்து அடுத்தவரிடம் ஒப்படைப்பது) சேர்த்து. கடைசி மாற்றம் குளோசர்களின் (ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர்களின்) விலையைத் தரையிறக்கிவிடும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பிரிவுகளின் எண்ணிக்கையை 14, 16 என்று ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. ஹோம் ரன், டோட்டல் பேஸஸ், ஸ்லக்கிங் மூன்றையும் வைத்தால் ஒரே திறமைக்கு மூன்று முறை கூலி கொடுக்கிறீர்கள்.

வாரம் 7-3 என்று ஜெயித்தால் பட்டியலில் ஒரு வெற்றியா, ஏழு வெற்றியா?

இரண்டு வழியும் உண்டு, குழப்பமும் இங்கேதான் தொடங்கும். பிரிவுக்கு ஒன்று என்று எண்ணினால் 7 வெற்றி, 3 தோல்வி. 21 வாரத்துக்கு 210 முடிவுகள் சேர்வதால் அதிர்ஷ்டம் கரைந்து, நல்ல அணி மேலே வரும். வாரத்துக்கு ஒன்று என்றால் 6-4உம் 10-0உம் ஒன்றே. ஞாயிறு இரவு ஒரு ஸ்டீலில் மொத்த வாரமும் புரளும். பரபரப்பு வேண்டுமானால் இரண்டாவது. வழக்கமான சீசனுக்குப் பிரிவுவாரி எண்ணிக்கையும், பிளேஆஃபுக்கு இயல்பாகவே வாரத்துக்கு ஒரு முடிவும் வருவது நல்ல கலவை.

என் பிட்சர்களின் இஆர்ஏ சராசரி போட்டால் லீக் நடக்கும் இணையதளம் காட்டும் எண் வரவில்லையே?

இஆர்ஏக்களைச் சராசரி எடுக்கக் கூடாது. எர்ன்டு ரன் எல்லாவற்றையும் கூட்டி, 9ஆல் பெருக்கி, மொத்த இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். ஒருவர் 6 இன்னிங்ஸில் 2 ரன், இன்னொருவர் 1 இன்னிங்ஸில் 2 ரன் கொடுத்தால் தனித்தனியே 3.00, 18.00. அணியின் எண் 10.50 ஆகாது, 7 இன்னிங்ஸில் 4 ரன், ஆக 5.14. விப்புக்கும் இதே வழி: ஹிட்டையும் வாக்கையும் கூட்டி இன்னிங்ஸால் வகுப்பது.

இன்னொரு பொறி, இன்னிங்ஸ் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண். 5.1 என்றால் ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும், 6.2 என்றால் ஆறும் மூன்றில் இரு பங்கும். இரண்டையும் கூட்டினால் 11.3 இல்லை, சரியாக 12. எக்செலில் கணக்கு வைப்பவர்கள் இங்கே வழுக்குவார்கள். 10ஆம் இன்னிங்ஸ் முதல் இரண்டாம் பேஸில் இலவசமாக நிறுத்தப்படும் ரன்னர் ஓடி முடித்தால் அது பிட்சரின் எர்ன்டு ரன்னாகாது. ஓடியவருக்கு ரன் மட்டும் உண்டு.

ரோஸ்டர் (அணியின் வீரர் பட்டியல்) எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? ஒருவர் எந்த இடத்தில் ஆடலாம் என்பதை எப்படி முடிவு செய்வது?

பழைய ரோட்டோ அளவு 23 பேர்: 14 பேட்டர், 9 பிட்சர். அதில் இரண்டு கேட்சர், ஐந்து அவுட்ஃபீல்டர் வேண்டும். 12 அணிக்கு இரண்டு கேட்சர் என்றால் 24 பேர். எம்எல்பியில் இருப்பதே 30 அணிகள் என்பதால், கடைசியில் வருபவர்கள் .210 சராசரியில் அடிக்கும் ஆட்களாக இருப்பார்கள். ஒரு கேட்சர், மூன்று அவுட்ஃபீல்டர், இரண்டு யூட்டிலிட்டி (எந்தப் பேட்டரையும் வைக்கக்கூடிய இடம்), எட்டு அல்லது ஒன்பது பிட்சர், ஐந்து பெஞ்ச், மூன்று காய இடம் என்பது தினசரி மாற்றம் உள்ள லீக்குக்கு வசதியானது.

இடத் தகுதிக்குப் பொதுவான அளவு: சென்ற சீசனில் அந்த இடத்தில் 20 ஆட்டம், அல்லது நடப்பு சீசனில் 10. தளத்துக்குத் தளம் இது மாறும். தளம் காட்டுவதே இறுதி என்று எழுதிவிட்டால் வாதம் இல்லை.

பேட்டிங், பிட்ச்சிங் இரண்டும் செய்யும் ஷோஹெய் ஒட்டானிக்குத் தனி வரி எழுதியே ஆக வேண்டும். யாஹூவில் பேட்டர் ஒட்டானி, பிட்சர் ஒட்டானி என்று இரண்டு தனி ஆட்கள். இரண்டு வெவ்வேறு அணிகள் எடுக்கலாம். வேறு தளங்களில் அவர் ஒரே ஆள். அன்றைக்கு எந்த இடத்தில் வைக்கிறீர்களோ அந்த எண் மட்டும் சேரும். பாயிண்ட்ஸ் லீக்கில் இரண்டையும் ஒருசேரக் கொடுக்க அனுமதித்தால் முதல் தேர்வு கிடைத்தவர் பாதிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறார்.

டிராஃப்ட் எப்போது, எப்படி?

சீசன் தொடங்குவதற்கு முந்தைய சனி, ஞாயிறு. அதற்கு முன்னால் வைத்தால் பயிற்சி ஆட்டங்களில் ஒருவருக்கு முழங்கை போய், அந்த அணி தொடங்கும் முன்பே அழத் தொடங்கும்.

பாம்பு வரிசையில் முதல் சுற்றில் 1 முதல் 12, அடுத்த சுற்றில் 12 முதல் 1. 23 சுற்று என்றால் 276 தேர்வு. ஒரு தேர்வுக்கு 90 விநாடி கொடுத்தால் மோசமான நிலையில் ஏறக்குறைய 7 மணி நேரம். 60 விநாடி என்றால் நாலரை மணிக்கு மேல். நடைமுறையில் இதில் பாதிதான் ஆகும். முதல் ஐந்து சுற்றுக்கு 90, பிறகு 60 என்று வையுங்கள்.

ஏல முறையில் ஆளுக்கு 260 டாலர் கற்பனைப் பணம், குறைந்த கேள்வி (ஏலத்தில் கேட்கும் விலை) 1 டாலர். உச்சக் கேள்விக்கு ஒரு சூத்திரம் உண்டு: மீதிப் பணத்திலிருந்து, நிரப்ப வேண்டிய இடங்களில் ஒன்றைக் குறைத்து வரும் எண்ணைக் கழியுங்கள். 40 டாலரும் 3 இடமும் மீதி என்றால் 38தான் கேட்கலாம். நேரில் கூடி ஏலம் விடும் லீக்கில் இதைக் கண்காணிக்க ஒருவரை உட்கார வைக்காவிட்டால், கடைசியில் காசில்லாமல் இரண்டு காலி இடத்தோடு ஒரு அணி நிற்கும்.

சீசன் தொடங்கும் முன்பே வெளிநாட்டில் நடக்கும் ஆட்டங்கள் கணக்கில் வருமா?

2024இல் டாட்ஜர்ஸ், பேட்ரஸ் மார்ச் 20, 21இல் சியோலில் ஆடினார்கள். 2025இல் டாட்ஜர்ஸ், கப்ஸ் மார்ச் 18, 19இல் டோக்கியோவில். மற்ற அணிகள் தொடங்கியது ஒரு வாரம் கழித்து. உங்கள் டிராஃப்ட் அதற்குப் பின் என்றால் அந்த எண்களைச் சேர்க்காதீர்கள். முடிந்த ஆட்டத்தின் ஹோம் ரன்னைப் பார்த்துவிட்டு ஆளை எடுப்பது நியாயமில்லை. டிராஃப்ட் அதற்கு முன் என்றால் முதல் வாரத்தோடு சேர்த்துவிடலாம்.

எத்தனை வாரம்? அட்டவணையை எப்படிப் பிரிப்பது?

2025 சீசன் மார்ச் 27 வியாழன் தொடங்கி செப்டம்பர் 28 ஞாயிறு முடிந்தது. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு. தொடக்கத்தில் வரும் நான்கு நாளைத் தனி வாரமாக்கினால் ஒரு பிட்சர் ஒரு முறைதான் வீசுவார். எண்கள் கோணலாக வரும். எனவே மார்ச் 27 முதல் ஏப்ரல் 6 வரை முதல் மோதல். ஆல்-ஸ்டார் இடைவேளை வாரத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டுமே ஆட்டம். அதையும் அடுத்த வாரத்தோடு இணைத்து ஜூலை 14 முதல் 27 வரை ஒரே மோதலாக்குங்கள். இப்படிச் செய்தால் மொத்தம் 25 மோதல்கள் வரும்.

கடைசி மோதலைக் காலியாக விட்டு, அதற்கு முந்தைய மூன்றைப் பிளேஆஃபுக்கு ஒதுக்கினால் வழக்கமான சீசனுக்கு 21 மீதி. இங்கே கமிஷனர்கள் தலையைச் சொறிவார்கள், ஏனெனில் 12 அணிகள் இரு முறை மோத 22 வாரம் வேண்டும். ஒன்று குறைகிறதே என்று யாரோ ஒருவருக்கு எளிய எதிரியோடு ஒரே ஆட்டம் கொடுப்பார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது: ஆறு ஆறு அணிகளாக இரண்டு டிவிஷன். தன் டிவிஷனில் உள்ள 5 பேரோடு மும்மூன்று முறை, ஆக 15. எதிர் டிவிஷனில் உள்ள 6 பேரோடு ஒவ்வொரு முறை, ஆக 6. மொத்தம் 21. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

கூட்டு வாரங்களில் இன்னிங்ஸ், ஆள் சேர்ப்பு வரம்புகளை அதே விகிதத்தில் உயர்த்த மறக்க வேண்டாம். பெரும்பாலான தளங்கள் தானாக உயர்த்துவதில்லை.

பிளேஆஃபுக்கு எத்தனை அணிகள்? கடைசி வாரத்தை ஏன் விட வேண்டும்?

12இல் 6. இரண்டு டிவிஷன் சாம்பியன்களுக்கு முதல் இரண்டு இடமும் முதல் சுற்று ஓய்வும். மற்ற நான்கும் வெற்றி விகிதப்படி. 2025 கணக்கில்:

- செப்டம்பர் 1–7: 3ஆம் இடம், 6ஆம் இடம் ஒரு பக்கம், 4, 5 மறு பக்கம்
- செப்டம்பர் 8–14: அரையிறுதி, முதலிடம் மீதியுள்ளவற்றில் மிகக் கீழே உள்ள அணியோடு
- செப்டம்பர் 15–21: இறுதி, மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்

செப்டம்பர் 22–28 காலி. அந்த வாரத்தில் அக்டோபர் போஸ்ட்சீசன் இடத்தை உறுதி செய்துவிட்ட அணிகள் நட்சத்திரங்களை உட்கார வைக்கும். முதன்மை பிட்சரைப் போஸ்ட்சீசன் முதல் ஆட்டத்துக்கு என்று ஒதுக்கிவைக்கும். வெளியேறிவிட்ட அணிகள் இளம் பிட்சர்களின் இன்னிங்ஸை நிறுத்தும். ஆறு மாதம் உழைத்தவர் தன் சிறந்த வீரர் பெஞ்சில் இருப்பதால் இறுதியில் தோற்பதைப் பார்த்திருக்கும் எந்தக் கமிஷனரும் அந்த வாரத்தில் இறுதி வைக்க மாட்டார்.

இன்னும் ஒரு காரணம் 2024இல் தெரிந்தது. ஹெலீன் புயலால் மெட்ஸ், பிரேவ்ஸ் அணிகளின் செப்டம்பர் 25, 26 ஆட்டங்கள் தள்ளிப்போய், சீசன் ஞாயிறு முடிந்ததும் திங்கள் 30ஆம் தேதி இரட்டை ஆட்டமாக நடந்தன. ஞாயிற்றோடு இறுதியை முடித்த ஹெட்-டு-ஹெட் லீக்குகளில் அந்த இரு அணி வீரர்களை வைத்திருந்தவர்களுக்கு இரண்டு ஆட்டம் போயிற்று. ரோட்டோ லீக்கில் ‘எம்எல்பி வழக்கமான சீசனின் கடைசி ஆட்டம் வரை’ என்று எழுத வேண்டும். தேதியை எழுதக் கூடாது.

இறுதியை இரண்டு வாரமாக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அதிர்ஷ்டம் குறையும், நல்ல யோசனைதான். ஆனால் பிளேஆஃபை ஆகஸ்ட் 25இல் தொடங்கி வழக்கமான சீசனை 20 வாரமாகச் சுருக்க வேண்டிவரும்.

பிளேஆஃபில் 5-5 என்று சமமானால்?

பட்டியலில் மேலே முடித்த அணி முன்னேறும். எளிது, முன்பே தெரியும், வழக்கமான சீசனுக்கும் மதிப்பு தருகிறது. ‘ஹோம் ரன் அதிகம் அடித்தவர்’ போன்ற விதி ஒரு பிரிவை இரண்டு முறை எண்ணுகிறது. பெஞ்ச் வீரர்களின் எண்ணை எடுப்பது வெறும் பூவா தலையா.

வழக்கமான சீசன் முடிவில் பட்டியலில் சமமானால்: முதலில் அந்த இரு அணிகள் தமக்குள் மோதிய மொத்தப் பிரிவு வெற்றி, பிறகு டிவிஷனுக்குள் பெற்ற விகிதம், பிறகு சீசனின் மொத்த ஹோம் ரன். மூன்று அணிகள் சமமானால் மூவரும் தமக்குள் ஆடிய ஆட்டங்களை ஒரே குட்டிப் பட்டியலாகப் போட வேண்டும். இதைத் தளம் தானாகச் செய்யாமல் போகலாம். அமைப்புப் பக்கத்தில் தளத்தின் வரிசையைப் பார்த்து, உங்கள் விதியை அதற்கு ஒத்ததாக எழுதுவது புத்திசாலித்தனம்.

தோற்று வெளியேறியவர் தன் வீரர்களை வெளியே விடலாமா?

கூடாது. வெளியேறிய அணியின் ரோஸ்டர் அடுத்த திங்கள் முதல் பூட்டப்பட வேண்டும். இல்லையென்றால் கோபத்தில் ஒருவர் நல்ல வீரரை விட, இறுதியில் உள்ள நண்பர் அள்ளிக்கொள்வார். இது சதியா, சலிப்பா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பூட்டிவிட்டால் நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிளேஆஃபுக்கு வராமல் ஆறுதல் சுற்றில் ஆடும் அணிகளுக்கு மட்டும் பூட்டு வேண்டாம். ஆனால் டிராஃப்டில் முதல் பத்துச் சுற்றுகளில் தேர்வானவர்களை விட அனுமதி இல்லை என்று வையுங்கள்.

பிளேஆஃபில் உள்ளவர்களுக்கும் வாரத்துக்கு 5 சேர்ப்பு என்ற வரம்பு நீடிக்க வேண்டும். வரம்பு இல்லாவிட்டால் இறுதி ஞாயிறன்று பெஞ்ச் முழுவதையும் கழற்றிவிட்டு அன்று வீசும் பிட்சர்களை நிரப்புவார்கள். ஓய்வில் இருக்கும் முதல் இரண்டு அணிகளும் அந்த வாரம் ஆள் சேர்க்கலாம்.

குறைந்தபட்ச இன்னிங்ஸ் எதற்கு? உச்ச வரம்பும் வேண்டுமா?

குறைந்தபட்சம் இல்லாவிட்டால் நடப்பது இது: திங்களன்று ஒரு பிட்சர் 8 இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் முடிப்பார். அவரை வைத்திருக்கும் ஃபேண்டஸி மேனேஜர் மீதி வாரம் எல்லோரையும் பெஞ்சில் வைத்து இஆர்ஏ, விப் இரண்டையும் கையில் வைத்துக்கொள்வார். வாரத்துக்கு 20 இன்னிங்ஸ் என்று வைத்து, எட்டாதவர் இந்த இரண்டு விகிதப் பிரிவுகளையும் இழப்பார் என்று எழுதுங்கள். ஸ்ட்ரைக்அவுட், சேவ் போன்ற எண்ணிக்கைப் பிரிவுகளையும் பிடுங்குவது தண்டனை மிகை.

மறுபுறம் தினமும் ஒரு பிட்சரைச் சேர்த்து வீச வைத்து எண்ணிக்கையால் ஜெயிப்பவர்கள். இவர்களுக்குச் சேர்ப்பு வரம்பே போதும். இன்னிங்ஸ் உச்ச வரம்பு ஹெட்-டு-ஹெட்டில் தேவையில்லை. திங்கள், செவ்வாய் வீசுபவர்கள் சனி, ஞாயிறு மறுபடி வீசுவதால் வாரத்தில் இரு தொடக்கம் கிடைக்கும். அதைக் கணித்து ஆடுவது திறமை.

ரோட்டோவில் உச்ச வரம்பு அவசியம். 1,400 இன்னிங்ஸ், ஒவ்வொரு பேட்டிங் இடத்துக்கும் 162 ஆட்டம் என்பது பழகிய அளவு. பல தளங்களில் வரம்பு எட்டப்படும் நாளின் எண்கள் முழுவதும் சேரும். 1,399இல் நிறுத்திவிட்டு ஒரே நாளில் ஆறு பிட்சரை இறக்கும் தந்திரம் அங்கிருந்து வருகிறது. அதை அனுமதிக்கிறீர்களா இல்லையா என்று ஒரு வரி போதும்.

ஆள் சேர்ப்பு ஏலமா, வரிசையா?

ஏலம். சீசனுக்கு ஆளுக்கு 100 டாலர் கற்பனைப் பணம். ஞாயிறு இரவு மூடிய கேள்விகள் திறக்கப்படும். 0 டாலர் கேள்வியும் செல்லும். சமமானால் பட்டியலில் கீழே உள்ளவருக்கு. முந்தியவருக்கே என்ற வரிசை முறையில் தூங்காமல் செய்தி பார்ப்பவருக்கே புது குளோசர் கிடைப்பார்.

‘என் இரண்டாவது கேள்வி ஏன் செல்லவில்லை?’ என்ற புகார் வாராவாரம் வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றே: இரண்டு கேள்விகளிலும் வெளியே விடும் வீரராக ஒரே ஆளைப் போட்டிருப்பார்கள். முதல் கேள்வி வென்றதும் அவர் போய்விடுகிறார், இரண்டாவதுக்கு இடமில்லை. ஒன்று கிடைத்தால் போதும் என்றால் அது சரி; இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு வெவ்வேறு ஆட்களைக் குறிக்க வேண்டும்.

டிரேடை (இரு அணிகள் தமக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதை) யார் தடுக்கலாம்? கெடு எப்போது?

லீக் ஓட்டெடுப்பு வேண்டாம். ஓட்டு கொடுத்தால் எதிராளி வலுவாகிறார் என்பதற்காகவே ஐந்து பேர் தடுப்பார்கள். கமிஷனர் மட்டும் பார்க்கட்டும். கூட்டுச் சதி என்றால் மட்டும் தடுக்கட்டும். ஒருவர் ஏமாந்தார் என்பது தடுக்கக் காரணமாகாது. வீரரைக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்குவது, பரிசுப் பணத்தில் பங்கு பேசுவது, அடுத்த லீக்கில் உதவி செய்வதாகச் சொல்வது ஆகியவை சதி. கமிஷனர் தானே சம்பந்தப்பட்ட டிரேடை முன்பே பெயர் குறித்த வேறு இருவர் பார்க்க வேண்டும். 48 மணி நேரத்தில் முடிவு. இரண்டுக்கு ஒன்று மாற்றுபவர், வெளியேறப்போகும் வீரரையும் ஒப்புக்கொள்ளும்போதே குறிக்க வேண்டும்.

2025இல் எம்எல்பியின் சொந்தக் கெடு ஜூலை 31. அப்போது குளோசர்கள் அணி மாறி, குளோசருக்கு முன் வீசும் செட்-அப் ஆட்களாவார்கள். செட்-அப் ஆட்கள் குளோசராவார்கள். உங்கள் கெடு அதற்கு இரண்டு வாரம் பின்னால், ஆகஸ்ட் நடுவில் இருந்தால் எல்லோருக்கும் சரிசெய்ய நேரம் கிடைக்கும். எம்எல்பியின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் வீரர்களை மட்டும் வைத்து ஆடும் வகையில், மற்றதான நேஷனல் லீக்குக்குப் போய்விட்டவரின் எண்கள் தொடருமா என்பதையும் எழுதுங்கள். தொடரட்டும் என்பதே எங்கள் பக்கம். வேறொரு கிளப் எடுத்த முடிவுக்கு மேனேஜர் ஏன் வீரரை இழக்க வேண்டும்?

காயப் பட்டியல் இடத்தில் யாரை வைக்கலாம்?

எம்எல்பி அதிகாரபூர்வமாகப் பட்டியலில் சேர்த்தவர்களை மட்டும்: பேட்டருக்கு 10 நாள், பிட்சருக்கு 15 நாள், நீண்ட காயத்துக்கு 60 நாள், தலையில் அடிபட்டால் 7 நாள். ‘இன்று ஆடுவது சந்தேகம்’ என்ற குறி போதாது. திரும்பி வந்தவரைக் காய இடத்திலேயே வைத்திருந்தால், அவரை நகர்த்தும் வரை புது ஆள் சேர்க்க முடியாதபடி பூட்டு இருக்க வேண்டும். ஊக்கமருந்துத் தடைக்குக் காய இடம் கிடையாது. முதல் முறை 80 ஆட்டம் என்பதால் வைத்திருப்பதா விடுவதா என்பது அந்த மேனேஜரின் தலைவலி.

மழையால் நின்ற ஆட்டம், பிறகு திருத்தப்படும் எண்கள்?

தள்ளிப்போன ஆட்டம் எந்த நாளில் ஆடப்படுகிறதோ அந்த வாரத்துக்கு. பாதியில் நிறுத்திப் பின்னாளில் தொடரும் ஆட்டம்தான் சிக்கல். 2024 ஜூன் 26இல் பாஸ்டனில் நின்ற ஆட்டம் ஆகஸ்ட் 26இல் தொடர்ந்தது. நின்றபோது டொரான்டோவுக்காக பேட் செய்துகொண்டிருந்த டேனி ஜேன்சன், தொடரும்போது பாஸ்டனின் கேட்சர்! எம்எல்பி பதிவில் எல்லாம் ஜூன் 26இன் கணக்கு. ஆனால் ஃபேண்டஸி தளங்கள் தங்கள் தங்கள் வழியில் போடும். ஹிட்டை எர்ரராக, எர்ரரை ஹிட்டாக ஸ்கோரர் சில நாள் கழித்து மாற்றுவதும் சாதாரணம். ஓர் எர்ன்டு ரன் மறைந்து இஆர்ஏ பிரிவு கைமாறும். தளம் அந்த வாரத்தை எப்போது மூடுகிறதோ அதுவே முடிவு. கமிஷனர் கையால் எண்ணைத் திருத்த மாட்டார் என்று எழுதுங்கள். பிளேஆஃபுக்கும் இதே விதி, விதிவிலக்கு இல்லாமல்.

ஆடும் வரிசை எப்போது பூட்டப்படும்? இந்தியாவிலிருந்து ஆடினால்?

ஒவ்வொரு வீரரும் அவரவர் ஆட்டம் தொடங்கும்போது. அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 7:05 ஆட்டம் இந்தியாவில் மறுநாள் அதிகாலை 4:35. பகல் 1:05 ஆட்டம் இரவு 10:35. சிங்கப்பூரில் சரியாக 12 மணி நேர வித்தியாசம். அதனால் மாலை ஆட்டங்களுக்கு எம்எல்பி அணியின் ஆடும் வரிசை வெளியாகும்போது நம் ஊரில் எல்லோரும் தூக்கத்தில் இருப்பார்கள். பல நாட்டிலிருந்து ஆடும் லீக்குக்கு, திங்களன்று ஒரே முறை பூட்டும் வாராந்திர வரிசை நியாயமானது.

பணம் கட்டி ஆடலாமா?

அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஃபேண்டஸி விளையாட்டுக்கு, பரிசு முன்பே அறிவிக்கப்பட்டிருப்பது போன்ற நிபந்தனைகளோடு, விலக்கு தருகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவில் 2025இல் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துள்ளது. இந்தியாவிலிருந்து ஆடுபவர்கள் இருந்தால் கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டணம் உள்ள லீக்கில் பணம் டிராஃப்டுக்கு முன்பே வந்து சேர வேண்டும். கட்டாதவருக்கு டிராஃப்ட் அறை திறக்காது.

ஜூலையில் கைவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது?

தொடர்ந்து 10 நாள் வரிசையைத் தொடாதவருக்கு ஒரு எச்சரிக்கை. மேலும் 4 நாளில் மாற்றமில்லை என்றால் வேறு ஆளிடம் அணி போகும். அதுவரை கமிஷனர் காயமானவர்களை மட்டும் பெஞ்சுக்கு நகர்த்தலாம், ஆள் சேர்க்கக் கூடாது.

வீரர்களை அடுத்த ஆண்டுக்குத் தக்கவைக்கும் லீக்கில் ஆபத்து வேறு: கடைசி இடத்துக்கு முதல் தேர்வு என்றால் வேண்டுமென்றே தோற்பார்கள். முதல் தேர்வை ஆறுதல் சுற்றில் ஜெயிக்கும் அணிக்குக் கொடுங்கள், அதாவது ஏழாம் இடத்துக்கு. எட்டாம் இடத்துக்கு இரண்டாம் தேர்வு, இப்படியே கீழே. ஏல லீக்கில் தேர்வு வரிசை இல்லாததால் அதையே கூடுதல் பணமாக்கலாம்: ஏழாம் இடத்துக்கு அடுத்த ஏலத்தில் 265 டாலர், பன்னிரண்டாம் இடத்துக்கு 255.